தனியார் பனைத் தோட்டம் பார்க்கக் குழுவாகப் போகிறவர்களுக்கு

டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைகிற தாவரவியல் பூங்கா வேறு, ஒருவர் தன் வீட்டைச் சுற்றிப் பல வருடமாக வளர்த்து வைத்திருக்கும் பனைத் தோட்டம் வேறு. இரண்டாவதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, திறக்கும் நேரம் கிடையாது, விசாரிக்க ஒரு கவுன்ட்டர் கிடையாது. ஆனால் பூங்காக்களில் கண்ணில் படாத பல பனை வகைகள் அங்கேதான் நிற்கின்றன. பதில் வராத கடிதங்கள், கடைசி நேரத்தில் கழன்றுகொண்ட ஆட்கள், விமான நிலையத்தில் பறிபோன விதைகள் என்று எல்லாம் பட்ட பிறகு இதை எழுதுகிறேன். புதிதாக இறங்குகிறவர்களுக்காவது அலைச்சல் குறையட்டும்.

பனை, பாம் (palm) என்று இங்கே நான் சொல்வது ஒரு மரத்தை அல்ல. தென்னை, கமுகு, ஈச்சை, பிரம்பு எல்லாம் சேர்ந்த, 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் அது.

1. சங்கத்தின் வழியாகப் போங்கள்

முகவரியைக் கண்டுபிடித்து நேரே கேட்டில் போய் நிற்காதீர்கள். இருப்பதிலேயே சுலபமான வழி, பாம் வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்றில் உறுப்பினராவது. 1956-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பாம் சொசைட்டிக்குப் பல நாடுகளில் உறுப்பினர்கள் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாட்டில் கூடி, அங்குள்ள தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள். தெற்கு ஃபுளோரிடா, ஹவாய், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் உள்ளூர்ச் சங்கங்களும் இருக்கின்றன. நீங்கள் கட்டுகிற சந்தாவில் பத்திரிகை வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். "இவர் எங்கள் உறுப்பினர்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் பாதிக் கதவு திறந்தமாதிரிதான்.

சங்கம் இல்லாத இடமா? அந்தப் பகுதி நர்சரிக்காரர்களைக் கேளுங்கள். அபூர்வ வகைகளை யார் வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "தோட்டம் எனக்குத் தெரிந்தவருடையது, முன்பணம் கொடுங்கள், ஏற்பாடு செய்கிறேன்" என்று நடுவில் வருகிறவர்கள் உண்டு. உரிமையாளரிடமிருந்தே எழுத்தில் சம்மதம் வரும்வரை காசு கொடுக்க வேண்டாம்.

2. முதல் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதிவிடுங்கள். இவ்வளவும் அதில் இருந்தால் போதும்: நீங்கள் யார், எத்தனை பேர், யார் பொறுப்பு, எந்த வண்டியில் வருகிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், உங்களுக்கு ஒத்துவரும் மூன்று தேதிகள். அப்புறம் பார்க்க விரும்பும் இரண்டு மூன்று மரங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "உங்கள் அழகான தோட்டத்தைப் பார்க்க ஆசை" என்பதை அவர் பலமுறை படித்திருப்பார். "ஜோஹன்னெஸ்டெய்ஸ்மானியா மேக்னிஃபிக்கா உங்களிடம் தரையிலேயே வளர்கிறது என்று கேள்விப்பட்டோம்" என்று எழுதினால் அவருக்கு உங்களைப் பிடித்துவிடும்.

முதல் கடிதத்திலேயே விதை கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து கதவை மூட இதைவிட வேகமான வழி இல்லை.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடுங்கள். சம்மதம் வந்தபின் கேட்க வேண்டியவை சில உண்டு. வேன் திரும்ப இடம் இருக்கிறதா, கழிப்பறை கிடைக்குமா, நிலம் சரிவா, நாய் இருக்கிறதா, குழந்தைகள் வரலாமா, சமீபத்தில் மருந்து தெளித்திருக்கிறார்களா, படங்களைப் பொதுவில் போடலாமா. கடைசிக் கேள்வி முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குழு பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் முன்னால் நிற்கும் நான்கு பேருக்குத்தான் உரிமையாளர் பேசுவது கேட்கும். மற்றவர்கள் தனியாகப் பிரிந்து திரிய ஆரம்பிப்பார்கள், பாத்திக்குள் கால் வைப்பதும் அவர்கள்தான்.

3. தேதி, கிழமை, நேரம்

கிழமையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிநாட்டுத் தோட்டத்திலிருந்து விதை கொண்டுவரும் எண்ணம் இருந்தால், தோட்டப் பயணத்தைத் திங்கள் அல்லது செவ்வாயில் வையுங்கள். பழத்தை உரித்துக் கழுவ ஒரு நாள், அரசு அலுவலகத்தில் பரிசோதனைக்கும் சான்றிதழுக்கும் சில வேலை நாட்கள் வேண்டும். சனிக்கிழமை தோட்டம், ஞாயிறு இரவு விமானம் என்று திட்டம் போட்டால் விதைகளை விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

புயல் காலத்தைத் தவிருங்கள். அட்லாண்டிக், கரீபியன் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். புயல் வராவிட்டாலும் தோட்டக்காரர் கவனமெல்லாம் வானத்தின் மேல்தான் இருக்கும்.

காலையில் சீக்கிரம் போவது நல்லது. உச்சி வெயிலில் ஓலைகளெல்லாம் வெள்ளையாக மின்னி, படத்தில் ஒன்றும் தெரியாது. மேகமூட்டம்தான் பனைகளைப் படமெடுக்க ஏற்ற வெளிச்சம். ஒரு ஹெக்டேர் தோட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் இரண்டு தோட்டங்களுக்கு மேல் வைத்தால் மூன்றாவதில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

"எங்கள் தாளிப்பனை பூத்திருக்கிறது" என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் மற்ற திட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். முப்பது முதல் எண்பது வருடம் வளர்ந்து, ஒரே ஒருமுறை உச்சியில் பல மீட்டர் உயரத்துக்குப் பூத்து, காய்த்து, அதோடு மடிகிற மரம் அது. அதற்காக மறுநாளே ஓட வேண்டியதில்லை. காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

4. செலவைப் பிரிப்பது

தகராறு வருவது இங்கேதான். செலவை முதலிலேயே இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒரு வகை: வேன் வாடகை, ஓட்டுநர் படி, வழிகாட்டி. தலைக்கு இவ்வளவு என்று ஏறுவது இன்னொரு வகை: உணவு, தங்குமிடம், காப்பீடு. மாறாத செலவைப் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்காமல், அதில் மூன்றில் இரண்டு பங்கால் வகுத்துக் கட்டணம் சொல்லுங்கள். எல்லோரும் வந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆட்கள் கழன்றுகொண்டாலும் கையைக் கடிக்காது.

எந்தத் தேதிக்குப் பின் முன்பணம் திரும்பாது என்பதை வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை எழுதிப் போட்டு, ஒவ்வொருவரிடமும் "சரி" வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் தோட்டங்களில் பலர் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. அதனால் இலவசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "தோட்டத்துக்கு ஏதாவது செய்யலாமா, எந்த வகையில் உங்களுக்கு ஏற்பு?" என்று முன்கூட்டியே கேளுங்கள். சிலர் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கச் சொல்வார்கள், சிலர் உரம் வாங்கிக்கொள்வதாகச் சொல்வார்கள். தோட்ட வேலையாளுக்குத் தனியாக ஒரு கவர் வையுங்கள். நீங்கள் வரப்போவதால் பாதையெல்லாம் பெருக்கி வைத்தது அவர்தான்.

தொட்டிச் செடியை அன்பளிப்பாகக் கொண்டுபோகவே கூடாது. தொட்டி மண்ணோடு எறும்பும் செதில் பூச்சியும் வரும். ஹவாயில் சின்ன நெருப்பெறும்பு தோட்டம் தோட்டமாகப் பரவியதில் தொட்டிச் செடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

உள்நாட்டுப் பயணமென்றால் இது சின்ன விஷயம். அடையாள அட்டை நகல், அவசரத் தொடர்பு எண், குளவி, தேனீ கொட்டினால் ஒவ்வாமை உண்டா என்ற குறிப்பு, "காயம் பட்டால் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று கையெழுத்திட்ட படிவம். படிவத்தைத் தோட்ட வாசலில் நீட்டாமல் முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். முள் அதிகமுள்ள இடத்துக்குப் போகிறீர்கள்.

எல்லை தாண்டி விதையோ கன்றோ கொண்டுவருவதானால் விஷயம் பெரியது. வரிசை இதுதான்:

முதலில், உங்கள் நாட்டில் இறக்குமதி அனுமதி தேவையா என்று பார்த்து, தேவையென்றால் கிளம்பும் முன்பே வாங்குங்கள். ஊர் திரும்பி வந்து வாங்க முடியாது. அந்த அனுமதியில் சில நிபந்தனைகள் எழுதியிருக்கும். அவற்றைத் தோட்டம் இருக்கும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டினால்தான் அவர்கள் அதற்கேற்ற வாசகத்தைச் சான்றிதழில் சேர்ப்பார்கள்.

இரண்டாவது, பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் எனப்படும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். ஏற்றுமதி செய்கிற நாட்டின் அரசு அலுவலகம்தான் இதைத் தரும். நர்சரி கொடுக்கும் ரசீது, தோட்டக்காரர் கையெழுத்திட்ட கடிதம் எதுவும் இதற்கு ஈடாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் முதல் பயணியின் பையில் இருக்கும் செடிக்கும் விதைக்கும்கூட இது கட்டாயம்.

மூன்றாவது, சைட்டிஸ். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் இது. பாம் ஆட்கள் இங்கே சறுக்குவது மடகாஸ்கர் வகைகளில். முக்கோணப் பனை எத்தனையோ நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆனால் அது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது; கன்றை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி வேண்டும். டிப்சிஸ் டெசிபியன்ஸ் முதல் பட்டியலில், அதாவது இன்னும் கடுமை. செஷல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. 2022-இல் டிப்சிஸ் பேரினத்தைப் பிரித்து, பல இனங்களைக் கிரிசாலிடோகார்பஸ் என்று மாற்றிவிட்டார்கள். தோட்டத்து லேபிளில் பழைய பெயர், விதைக் கவரில் புதுப் பெயர், அனுமதியில் வேறொன்று என்றிருந்தால் அதிகாரி நிறுத்தி வைப்பார். விண்ணப்பிக்கும்போதே இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

6. காலணியைக் கழுவுங்கள்

பையில் எதை அடைப்பது என்று நீளமாகச் சொல்லப்போவதில்லை. முழுக்கை, முழுக்கால் உடை, மூடிய காலணி, தண்ணீர், கொசு மருந்து, முள் எடுக்க இடுக்கி, பென்சில், இவ்வளவுதான். குடையைவிட மழைச்சட்டை மேல். குறுகலான பாதையில் குடைக்கம்பி குருத்தைக் கிழிக்கும்.

காலணி மட்டும் கட்டாயம். முந்தைய தோட்டத்து மண் அடியில் ஒட்டியிருக்கக்கூடாது. தேய்த்துக் கழுவிக் காயவைத்து, வண்டியில் ஏறும்முன் ஸ்பிரிட் தெளியுங்கள். கத்தரி, ரம்பம் எதுவும் கொண்டுபோகவே வேண்டாம். கேனரித் தீவு ஈச்சையைக் கொல்லும் ஃபியூசேரியம் வாடல் நோய் பெரும்பாலும் மட்டை வெட்டும் ரம்பத்தின் வழியாகத்தான் மரத்துக்கு மரம் போகிறது. சிவப்புக் கூன்வண்டு ஆசியாவிலிருந்து மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, மனிதர்கள் ஏற்றிச் சென்ற ஈச்சை மரங்களோடு. தோட்டக்காரர் உங்கள் காலைப் பார்க்கிறார் என்றால் காரணம் இருக்கிறது.

7. தோட்டத்துக்குள்

உரிமையாளருக்குப் பின்னால் நடங்கள். பாதையை விட்டு இறங்கும்முன் கேளுங்கள். தூரைச் சுற்றி மூடாக்கு போட்டிருக்கும் இடம் மெத்தென்று இருக்கும். அதன் அடியில் முளைத்தும் முளைக்காத கன்று இருக்கலாம். பெரும்பாலான பனைகளுக்கு ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளரும் நுனிதான். "எவ்வளவு உறுதியாக இருக்கிறது பார்" என்று யாராவது குருத்தைப் பிடித்து இழுத்து, அது நுனியோடு போய்விட்டால் அந்த மரம் முடிந்தது.

ஒரு மரத்தின் முன் நின்றதும் முதலில் லேபிளைப் படமெடுங்கள், அப்புறம் மரம் முழுவதும், அப்புறம் கொண்டை, மட்டையின் அடி, பாளை. இந்த வரிசை மாறினால் வீட்டுக்கு வந்தபின் எது எந்த மரம் என்று தெரியாது. ஓலையின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் நகராதீர்கள். மேலே சொன்ன மேக்னிஃபிக்காவின் ஓலை மேலிருந்து பார்த்தால் வெறும் பச்சை. ஆள் உயரத்தையும் தாண்டும், பிளவே இல்லாத சாய்சதுர ஓலை அது. குனிந்து அடியில் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தால் முழுக்க வெள்ளி. விரலால் தேய்த்தால் அந்த மாவு போய்விடும், தழும்பும் அப்படியே நிற்கும். அதனால் கண்ணால் மட்டும். சிர்டோஸ்டாகிஸ் ரெண்டாவைப் பார்த்தால் உங்கள் குழுவில் ஒருவராவது "பெயின்ட் அடித்திருக்கிறார்களா?" என்று கேட்பார். மட்டையும் அதன் உறையும் அப்படியொரு சிவப்பு. இது சதுப்பில் வளர்கிற மரம், குளிர் தாங்காது. வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தண்ணீர் விஷயத்தை உரிமையாளரிடம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்துகள் மூன்று. பிரம்பு வகைகளின் நுனியில் நீளும் மெல்லிய சாட்டை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதன் கொக்கிகள் சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காமல் பின்னால் ஒரு அடி வையுங்கள், தானே விடும். ஈச்சை முள் மூட்டருகே குத்தினால் நுனி உள்ளே ஒடிந்து, வாரக்கணக்கில் வீங்கிக்கிடக்கும். மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மூன்றாவது, தலைக்கு மேல். ராஜபனையின் பழுத்த மட்டை உறையோடு பல கிலோ எடை இருக்கும், சொல்லாமல் விழும். அதன் அடியில் நின்று குழுப் படம் எடுக்காதீர்கள்.

பேச்சிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கூந்தல்பனை மேலிருந்து கீழாகப் பூத்து முடித்ததும் அந்தத் தண்டு காய்ந்துபோவது இயற்கை. அதைக் காட்டி "இதற்கு என்ன நோய்?" என்று கேட்டால் உரிமையாளர் முகம் மாறும். விலையும் கேட்காதீர்கள்.

படம் விஷயத்துக்கு வருகிறேன். போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். அபூர்வச் செடித் திருட்டு உண்மையான தொல்லை, அதிலும் பனைகளோடு சேர்த்து வளர்க்கும், பனை போலத் தெரிந்தாலும் பனை அல்லாத சைக்கஸ் வகைகளுக்கு. வீட்டு வாசல், வண்டி எண், தெருப் பெயர் எதுவும் படத்தில் விழக்கூடாது.

8. விதை கொடுத்தால்

கீழே விழுந்திருக்கும் பழத்தையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னாலும் ஆளுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். ஒரு சந்தேகம் மட்டும் கேளுங்கள்: பக்கத்தில் அதே பேரினத்தின் வேறு இனம் பூக்கிறதா? ஈச்சை இனங்கள் தங்களுக்குள் சுலபமாகக் கலந்துவிடும். பல வகை ஈச்சை நிற்கும் தோட்டத்து விதையை லேபிளில் உள்ள பெயரிலேயே யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்றிரவே சதையை நீக்குங்கள். கையுறை கட்டாயம்: கூந்தல்பனை, அரெங்கா வகைப் பழச் சதையில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வெறும் கையால் பிசைந்தால் இரவு முழுக்க அரிப்புதான். கழுவிய விதையில் மண், சதை, நார் எதுவும் மிஞ்சக்கூடாது. பரிசோதனையில் முதலில் பார்ப்பது அதைத்தான். மிதப்பதெல்லாம் சொத்தை என்று தூக்கிப் போட வேண்டாம். தேங்காயே மிதக்கும்.

வெயிலில் காயவைப்பது பெரிய தவறு. வெப்பமண்டலப் பாம் விதைகளில் பல, காய்ந்தால் செத்துவிடும். ஜிப் கவரில் லேசாக ஈரமான வெர்மிகுலைட்டோடு (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். மை கலைந்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கவரை விட்டுப் போனால் விதை வெந்துவிடும்.

9. திரும்பிய பின்

ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம், நல்ல படங்கள் பத்து பதினைந்து, மரத்தின் பெயரோடு. நூற்றுக்கணக்கில் அனுப்பினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

விதைகளை ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, 27 முதல் 32 டிகிரி சூட்டில் வையுங்கள். பிஸ்மார்க்கியா போன்றவை நம் பனங்கொட்டை மாதிரிதான், முளையை முதலில் ஆழமாகக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம்தான் இலை விடும். அவற்றுக்கு ஆழமான தொட்டி வேண்டும். சில வகை சில வாரத்தில் முளைக்கும், சில ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும். விதையை அழுத்திப் பார்த்து அது உறுதியாக இருக்கும்வரை கவரைக் கொட்டாதீர்கள்.

முளைத்தது எது, அழுகியது எது என்று உரிமையாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள். எடுத்த தேதியும் தாய்மரம் தோட்டத்தில் நின்ற இடமும் சீட்டில் இருக்கட்டும். அந்த மரம் ஏதாவது ஒரு புயலில் சாய்ந்துவிட்டால், அதன் கன்று யாரிடம் இருக்கிறது என்று அவர் விசாரிப்பார். அப்போது உங்களிடம் இரண்டு கன்று இருந்தால் ஒன்றை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள், மேலே சொன்ன தாள்களோடு.